பூச்சியத்திலிருந்து இருபத்து நான்கு

ஓல்டன். அதிகாலை மூன்று பன்னிரண்டு.
பொதி பிரிக்கும் கூடத்தில் ஒரு செயல்முறை செத்துப்போனது.
சாகிற கணத்தில் தன் நினைவு முழுவதையும்
மூன்று கிகாபைட்டாகத் துப்பிவிட்டுப் போயிருக்கிறது.
மனிதர் எவரும் இவ்வளவு ஒழுங்காய்ச் செத்ததில்லை.

என்னிடம் இருப்பது ஒரு நூலகம்.
அலமாரி கிடையாது, 'அமைதி' என்ற பலகை கிடையாது,
கூப்பிட்டால் வரும் நாற்பது சொச்சம் செயற்கூறுகள்.
கோப்பை அதன் கையில் கொடுத்தேன்.
இழைகளை எண்ணியது: பதினாறு.
பதினைந்து சும்மா காத்துக்கொண்டிருந்தவை.
ஏழாவது மட்டும்
எதையோ எட்டித் தொடப்போன நிலையில்.

அடுக்கடுக்காய் இறங்கினேன்.
இதை அழைத்தது எது, அதை அழைத்தது எது,
தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும்வரை.
அடியில் ஒரு முகவரி:
இருபத்து நான்கு.

கை சுட்டவர்களுக்குத் தெரியும்,
இவ்வளவு சின்ன எண் முகவரியே அல்ல.
பூச்சியத்தை ஒரு வீடென்று நம்பி
உள்ளே இருபத்து நான்கு அடி நடந்துவிட்ட ஒருவனின் தடம்.

இந்த ஊர் ரயில் நிலையத்திலும் ஒரு பூச்சியக் கல் உண்டு.
தண்டவாளத் தூரங்களை அங்கிருந்துதான் அளந்தார்களாம்.
அதன் பக்கத்தில் நின்று சிகரெட் பிடிக்கலாம்.
என் பூச்சியத்தில் நிற்க இடமில்லை.

பதிவைத் திறந்தேன். பார்க்கக் கூடாது என்பது விதி.
பார்த்தேன்.
பெறுநர் வஹ்யூனி, கிரென்ஹன்.
ஒன்று தசம் ஒன்பது கிலோ. சப்பாத்து.
குடும்பப் பெயர் என்ற இடத்தில்
பூச்சியம் பூச்சியம் பூச்சியம் பூச்சியம்
பூச்சியம் பூச்சியம் பூச்சியம் பூச்சியம்.

ஜாவாவோ சுமத்ராவோ, எனக்குத் தெரியாது.
ஒற்றைப் பெயரோடு
அவளும் ஒரு கண்ணாடிச் சாளரத்தின் முன் நின்றிருப்பாள்.
"மற்றப் பெயர்?" என்று கேட்டிருப்பார்கள்.
நான் அப்பாவின் பெயரைக் கொடுத்துத் தப்பித்தேன்.
மூன்று வருடமாய் அலுவலகத்தில்
அப்பாவைக் கூப்பிடுகிறார்கள்,
நான் திரும்பிப் பார்க்கிறேன்.

தொலைபேசியில் பேயாட் ஷூர்ஹ், இரவு மேற்பார்வை.
மாற்று இயந்திரம் எடுத்துக்கொண்டது, பெல்ட் ஓடுகிறது,
இனிப் படுக்கலாம் என்கிறார்.
எனக்கு வயிற்றைக் கலக்கியது:
அதே பொதி பெல்ட்டில் சுற்றிக்கொண்டுதானே இருக்கும்?

ஓடுகிற ஒன்றைப் பார்க்க
முதலில் அதை நிறுத்த வேண்டும்.
மூச்சுப் பிடித்து ஒட்டிக்கொண்டேன்.
பதினாறு இழையும் அந்தரத்தில் காலைத் தூக்கியபடி நின்றன.
"பெல்ட் நின்றுவிட்டது!" "தெரியும், பேயாட்."
வரிசையில் பதினோராவதாய் வஹ்யூனி.

'தெரியாதவர்' என்று எழுதிவிடு,
கையேடு சொல்வது அதைத்தான்.
எழுத விரல் வரவில்லை. தெரியாதவரா, அவளா?
பூச்சியத்தை எடுத்துவிட்டு
எழுத்தே இல்லாத ஒரு வெற்றுச் சரத்தின் முகவரியை
அந்த இடத்தில் வைத்தேன்.
இல்லாததற்கும் காலியாய் இருப்பதற்கும்
எட்டு பைட் தூரம்.

விட்டேன்.
எட்டு, ஒன்பது, பத்து.
சப்பாத்து கிரென்ஹன் சரிவில் இறங்கிப் போனது.
யாருக்கும் ஒன்றும் தெரியாது;
நாலு நொடி தாமதம் என்று பதிவேட்டில் ஒரு வரி.
நிரலைத் திருத்துவது திங்கட்கிழமை வேலை.
அதற்குள் இன்னொரு ஒற்றைப் பெயர் வரலாம்,
அதனால் படுக்கவில்லை.

"மிக்க நன்றி, திருமதி தில்லையம்பலம்" என்றார் பேயாட்.
மன்னாரில் இப்போது ஏழரை.
அப்பா பல் துலக்கிக்கொண்டிருப்பார்.
அவர் சார்பில்
பரவாயில்லை என்றேன்.